காடில்லாத இடத்தில் ஒரு புள்ளி

உட்கார்றதுக்கு முன்னாடி பேண்ட் ஓரத்தை வாசல்லயே ஒருதரம் நல்லா உதறிட்டு வந்துடுங்க மேடம். தப்பா எடுத்துக்காதீங்க. இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் இதைத்தான் சொல்லுவேன். போன வாரம் என் மச்சான் வந்தாரு, அவரையும் வேட்டியை உதறச் சொன்னேன். கோவிச்சுக்கிட்டு காப்பிகூட குடிக்காமப் போயிட்டாரு. போகட்டும். உண்ணிக்கு மச்சான்னு தெரியுமா, மாமன்னு தெரியுமா? நீங்க ஜீப்புலதான் வந்திருப்பீங்க, ஆனா செக்போஸ்ட்ல இறங்கி டீ குடிச்சிருப்பீங்க. எல்லாரும் அங்கதான் குடிப்பாங்க. அங்க புல்லு முட்டி உசரத்துக்கு நிக்குது. வெட்டுங்கய்யா வெட்டுங்கய்யான்னு மூணு வருஷமா எழுதிட்டிருக்கேன். இதை எழுதிக்குங்க.

ஆங், அந்த நாற்காலியில உட்காருங்க. இல்ல இல்ல, அதுல ஒரு கால் ஆடும், இதுல உட்காருங்க.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். நீங்க நாடு முழுக்க இந்தக் குரங்குக் காய்ச்சலுக்கு மேப் போடுறீங்க. எங்கெங்க வந்துச்சு, எந்த வருஷம் வந்துச்சு, எந்தப் பக்கமா நகருதுன்னு. அதுல எங்க மாவட்டத்துக்குன்னு நாப்பத்தொரு புள்ளி இருக்கு. அதுல நாப்பது புள்ளி இந்தக் கையால வச்சது. ஒவ்வொண்ணுக்கும் நடந்து போயி, ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து வச்சது. நாப்பத்தோராவது புள்ளி நான் வைக்கல. ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு வச்சிருக்காங்க. எங்க வச்சிருக்காங்க தெரியுமா? இந்த வீட்டு மேல. நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்க பாருங்க, இதுக்கு மேல. என் சம்சாரம் தெய்வானைக்கு மாசி மாசம் ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கு. அந்தப் புள்ளியை எடுக்கணும். அது தப்பான புள்ளி. ஆறு கடுதாசி போட்டேன். ஆறாவதுக்குத்தான் நீங்க வந்திருக்கீங்க. வந்ததுக்குச் சந்தோஷம், அதைச் சொல்லிடுறேன்.

ஒரு புள்ளிக்கு இவ்வளவு சண்டையான்னு உங்களுக்குத் தோணும். எங்க ஆபீசருக்கும் அப்படித்தான் தோணுது. "விடுய்யா சன்னாசி, மேப்புல ஒரு புள்ளி கூட இருந்தா உனக்கு என்ன?"ங்கிறாரு. எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஆனா அந்த ஒரு புள்ளியைக் காட்டித்தான் என்னோட ரெண்டு வருஷ வேலையைத் தூக்கி ஓரமா வச்சுட்டாங்க. போன சீசன்ல மட்டும் அஞ்சு பேர் செத்திருக்காங்க. அடுத்த சீசனுக்கு இன்னும் ஏழே மாசம். அதுக்குள்ள மேப்புல நான் போட்ட கோட்டை ஒத்துக்கிட்டாத்தான் லாரியை நிறுத்துவாங்க. கோடு எது, லாரி எதுன்னு சொல்றேன், வரிசையா சொல்றேன். முதல்ல என் வேலையைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

இருபத்தாறு வருஷ சர்வீஸ். களப்பணியாளர்னு பேரு. வேலை என்னன்னு கேட்டா சிரிப்பீங்க. ஒரு மீட்டர் வெள்ளை ஃப்ளானல் துணி. ஒரு ஓரத்துல மூங்கில் கம்பு, கம்புல கயிறு. அதைக் காட்டுல சருகு மேல இழுத்துக்கிட்டே நடக்கணும். பத்தடிக்கு ஒருதரம் திருப்பிப் பார்க்கணும். உண்ணிக்குஞ்சு ஒட்டியிருக்கும். எள்ளுல பாதிகூட இருக்காது. அதை இடுக்கியில எடுத்து சீசாவுல போட்டு, எந்த இடம், எத்தனை மணின்னு சீட்டு எழுதி ஒட்டணும். அவ்வளவுதான் வேலை. எங்க சித்தப்பா கடைசி வரைக்கும் என்னை "துணி இழுக்கிறவன்"னுதான் சொன்னாரு.

குரங்குக் காய்ச்சல்னு ஜனங்க பேர் வச்சுட்டாங்க. குரங்கு என்னங்க பண்ணுச்சு, பாவம். அதுவும் நம்மள மாதிரி உண்ணி கடிச்சுத்தான் சாகுது. செத்து விழுந்த குரங்குலேர்ந்து உண்ணியெல்லாம் கீழ இறங்கி, சுத்தி இருக்கிற சருகுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அந்த வழியா போறவன் கால்ல ஏறும். அதனால குரங்கு செத்துக் கிடக்குன்னு யாராவது சொன்னா எல்லாரும் அந்தப் பக்கம் போக மாட்டாங்க, நான் மட்டும் அந்தப் பக்கம் போவேன். கைகால்ல எண்ணெய் தடவிக்கிட்டு, பேண்டை சாக்ஸுக்குள்ள விட்டுக்கிட்டு, வீட்டுக்கு வந்ததும் சட்டையை வாசல்லயே கழட்டி வெந்நீர்ல போட்டுடுவேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு உண்ணி என்னைக் கடிச்சதில்ல. இதை எழுதிக்குங்க. ஒண்ணுகூட இல்ல.

சரி, புள்ளிக்கு வர்றேன். காய்ச்சல்னு ஒரு ஆள் வந்தா ஒரு படிவம் இருக்கு. அதுல ஒன்பதாவது கேள்வி, "கடந்த பதினைந்து நாளில் காட்டுக்குச் சென்றாரா?" அந்தக் கேள்விதான் மேடம் உசுரு. மத்ததெல்லாம் வயசு, வாந்தி, தலைவலி, எந்தக் காய்ச்சலுக்கும் அதுதான். ஒன்பதாவதுக்கு "ஆம்"னா ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். "இல்லை"ன்னா மாத்திரை. இந்த மாவட்டத்துல அந்த முறையைக் கொண்டுவந்ததே நான்தான். முன்னெல்லாம் எல்லார் ரத்தத்தையும் எடுத்து அனுப்பிட்டு ரெண்டு மாசம் பதிலுக்கு உட்கார்ந்திருப்பாங்க.

புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு நான் பாடம் எடுக்கிறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவேன். படுத்த இடத்துல புள்ளி வைக்காதே, கடிச்ச இடத்துல வை. ஆனா ஆபீஸ்ல என்ன பண்றாங்க? ஆஸ்பத்திரி விலாசத்துல வைக்கிறாங்க. ஒரு வருஷம் கீழ சமவெளியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி மேல எட்டுப் புள்ளி. எட்டு! மேப்பைப் பார்த்தா அந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான் காடு இருக்குதுன்னு நினைப்பீங்க. நான் போய் ஒவ்வொரு ஆளையும் விசாரிச்சு, எட்டையும் மலைமேல கொண்டாந்து வச்சேன். யாராவது பாராட்டுனாங்களா? பஸ் டிக்கெட் எங்கன்னு கேட்டாங்க.

அப்புறம்தான் பொன்னுரங்கம் வந்தான். லாரியில மூட்டை ஏத்தி இறக்குற ஆள். கீழ, காடே இல்லாத ஊர். அவனுக்கு இதே காய்ச்சல். டிவியில எல்லாம் வந்துச்சு, நோய் மலையை விட்டு இறங்கிடுச்சு, காத்துல பரவுதுன்னு. ஆபீசர் ஆடிப்போயிட்டாரு. நான் ரெண்டு நாள் லீவு போட்டுட்டுப் போய் அவன் கட்டில் பக்கத்துல உட்கார்ந்தேன். "காட்டுக்குப் போனியா?" "இல்லண்ணே." "மலைக்கு வந்தியா?" "இல்லண்ணே." சரிதான்னு எழுந்து வந்துட முடியுமா? நான் விடலையே. காய்ச்சல் வந்த நாள்லேர்ந்து பின்னாடி எண்ணினேன். மூணு நாள்லேர்ந்து எட்டு நாள், அதுக்குள்ள கடிச்சிருக்கணும். அந்த அஞ்சாறு நாளும் நீ எங்க நின்ன, எங்க தின்ன, எங்க தூங்கின, சொல்லுன்னேன். ஒவ்வொரு நாளா கேட்டேன். அவன் பொண்டாட்டி என்னைப் போலீஸ்னு நினைச்சு அழுதுட்டா. கடைசியில சொன்னான், "ஒரு நாள் மத்தியானம் சருகு மூட்டை மேல படுத்துத் தூங்கினேண்ணே."

சருகு மேடம், சருகு! இங்க காட்டோரத்துல கூட்டி அள்ளி மூட்டை கட்டி லாரியில அனுப்புறாங்க. மாட்டுக்கொட்டாய்க்குக் கீழ பரப்ப, இஞ்சி வயலுக்கு மேல மூட. லாரி லாரியாப் போகுது. நான் அந்த லாரி பின்னாடியே பஸ்ஸுல போனேன். ஏழு இடத்துல இறக்குறான். ஏழு இடத்துலயும் துணி இழுத்தேன், நாலு இடத்துல உண்ணி கிடைச்சுது. அந்த நாலு ஊர்லயும் அதுக்கு முன்னாடி காரணம் தெரியாத காய்ச்சல் இருந்திருக்கு. ஒரு நோட்டு போட்டேன். அதுல நானே ஒரு கட்டம் சேர்த்தேன், "கொண்டுவந்தது"ன்னு. ஒவ்வொரு புள்ளிக்கும் நேரா எந்த லாரி, என்ன நம்பர்னு எழுதினேன். எல்லாத்தையும் சேர்த்து மேப்புல சிவப்புப் பென்சில்ல ஒரு கோடு போட்டேன். அவ்வளவு நேர்த்தியா வந்துச்சு மேடம் அந்தக் கோடு. நோய் தானா நடக்கல, நாமதான் தூக்கிட்டுப் போறோம். இதுதான் நான் கண்டுபிடிச்சது. இதை எழுதிக்குங்க, அடிக்கோடு போட்டு எழுதிக்குங்க.

ஆபீசர் பார்த்தாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பார்த்தாரு. "எல்லாம் சரி சன்னாசி, இந்த நாப்பத்தொண்ணு உன் கோட்டுல இல்லையே? டவுன் குவார்ட்டர்ஸ், மூணாவது மாடி. சருகும் இல்ல, மாடும் இல்ல, லாரியும் இல்ல. அப்ப உன் கோடு எப்படிச் சரி?"ன்னாரு. ஆதாரம் போதவில்லைன்னு எழுதித் திருப்பிட்டாரு. என் வீட்டை வச்சே என்னை அடிச்சுட்டாரு.

வா, வா. இதான் என் சம்சாரம். இவங்க மேப் மேடம், சென்னையிலேர்ந்து வந்திருக்காங்க. டம்ளரை நீங்களே எடுத்துக்குங்க மேடம். பாதி டம்ளர்தான் இருக்கும், குறைச்சலா நினைச்சுடாதீங்க. முழுசா ஊத்தினா அவ கையில நிக்காது. அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் கை இப்படித்தான் ஆடுது. ஊசியில நூல் கோக்க முடியல. கோலம் போடுறதை விட்டுட்டா. மூணாவது மாடியில எதுக்குக் கோலம்னு நான்தான் கேலி பண்ணுவேன் முன்னாடி. இப்ப அந்தக் கதவுக்கு முன்னாடி சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்தா எனக்கே என்னமோ பண்ணுது. இதை எழுதாதீங்க.

சரி, நீ உள்ள போ தெய்வானை. அந்தச் சத்தமா மேடம்? பின்பக்கம் மகள் வாளியில தண்ணி பிடிக்கிறா. யமுனான்னு பேரு. கோயமுத்தூர்ல வேலையில இருந்தா, அம்மாவுக்கு முடியலைன்னு வந்துட்டா. ஒரு நாளைக்கு ஒருதரம்தான் தண்ணி விடுறான், அதுவும் இந்த நேரத்துக்குத்தான். அதனால துணிமணி எல்லாம் இப்பத்தான்.

நீங்க கேட்டீங்களே, காய்ச்சல் எப்படி ஆரம்பிச்சுதுன்னு. ஒரு செவ்வாய்க்கிழமை. சமைச்சுக்கிட்டு இருந்தவ தலை வெடிக்குதுன்னு படுத்தா. உடம்பு அனலா கொதிச்சுது. சீசன் நேரம் மேடம், எனக்குத் தெரியாதா? முதல் வேலையா ஒன்பதாவது கேள்வியைத்தான் கேட்டேன். காட்டுக்குப் போனியா? இல்லை. சருகு மூட்டை பக்கம் போனியா? இல்லை. ஆடு மாடு? இல்லை. உன் அண்ணன் ஊருக்கு? இல்லை. அப்ப வேற காய்ச்சல்தான். மாத்திரை கொடுத்தேன். யமுனா போன்ல கத்தினா, "ரத்தம் எடுங்கப்பா, நீங்கதானே ஊருக்கெல்லாம் எடுக்கிறீங்க"ன்னு. வீட்டு ஆளுன்னு முறையை மாத்த முடியுமா? ஊர்ல ஒருத்தன் என்னைப் பார்த்து, தன் பொண்டாட்டிக்குன்னா மட்டும் எடுக்கிறான்னு சொல்லக்கூடாதில்ல?

சனிக்கிழமை காலையில தலையணை உறையில ரத்தம். ஈறுலேர்ந்து வடிஞ்சிருக்கு. அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.

அங்க ஒரு டாக்டர் பொண்ணு, படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. என்னைக் கேட்காம ரத்தத்தை எடுத்து அனுப்பிட்டா. ஒன்பதாவது கேள்விக்கு என்ன எழுதினீங்கன்னு கேட்டேன். "எழுதலை சார், அந்தம்மா இருக்கிற நிலைமையில யார் கேள்வி கேட்பா?"ங்கிறா. அதை விட முடியுமா? நான் உள்ள போனேன். மூக்குல குழாய், கையில குழாய். இவ காதுக்கிட்ட குனிஞ்சு கேட்டேன். "தெய்வானை, யோசிச்சுச் சொல்லு, இந்தப் பதினஞ்சு நாள்ல காட்டுப் பக்கம் எங்கயாவது போனியா?"

அந்த நிலைமையிலயும் வாயைப் பாருங்க. கண்ணைத் திறக்காமயே சொல்றா, "நான் எங்கங்க போறேன்? நீங்க கொண்டுவர்றதைத் துவைச்சு, மொட்டை மாடியில காயப்போடப் போறேன். அவ்வளவுதான் என் காடு."

குத்திக் காட்டுறா. வருஷம் பூரா வெளிய கூட்டிட்டுப் போகலைன்னு அவளுக்குக் குறை. நான் படிவத்துல "இல்லை"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பார்க்கணும்னா பாருங்க, நகல் வச்சிருக்கேன். பதினாறு நாள் ஆஸ்பத்திரி. காய்ச்சல் விட்டுச்சுன்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தா, மறுபடி வந்து, ஆளு அடையாளம் தெரியாமப் பேசி, இன்னும் ஒன்பது நாள். என்னைப் பார்த்து யாருங்க நீங்கன்னு கேட்டா. முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவ. நான் வராந்தாவுல நின்னு வாய்விட்டு அழுதேன். அதையும் எழுதாதீங்க.

லேப்ல பாசிட்டிவ்னு வந்துச்சு. வரும். ரத்தக் குப்பி மாறிப்போயிருக்கும். ஒரே நாள்ல முப்பது குப்பி போகுது, சீட்டு ஒட்டுறவன் போன்ல பேசிக்கிட்டே ஒட்டுறான். என் ஆறு கடுதாசியிலயும் அதைத்தான் எழுதியிருக்கேன்.

என்ன கேட்டீங்க? துணியா? எந்தத் துணி?

ஓ, இழுக்கிற துணி. அதையா கேட்கிறீங்க. கேட்டீங்களே, இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. அதைச் சொல்லணும். மாநிலத்துலயே என் துணி மாதிரி வெள்ளை கிடையாது. சும்மா சொல்லல. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பயிற்சி நடந்துச்சு, எல்லா மாவட்டத்து ஆளுங்களும் வந்திருந்தாங்க. அங்க ஒரு பெரிய அதிகாரி என் துணியை உசத்திப் பிடிச்சு, "துணின்னா இப்படி இருக்கணும், இதுல உண்ணி தப்புமா?"ன்னாரு. மத்தவன் துணியெல்லாம் டீ வடிகட்டுன மாதிரி இருந்துச்சு. அழுக்குத் துணியில உண்ணிக்குஞ்சு எப்படித் தெரியும்? என்னோட பாதிப் பேருக்கு அந்த வெள்ளைதான் காரணம். அந்த வெள்ளைக்கு இவதான் காரணம். ஊற வச்சு, கும்மி, சொட்டு நீலம் போட்டு, மொட்டை மாடி வெயில்ல காயப்போட்டு மடிச்சு வச்சிருப்பா. காலையில எடுத்துட்டுப் போவேன்.

ஆபீஸ்லயே கொதிக்க வைக்கணும்னுதான் விதி. தெரியும், தெரியும். அதுக்குன்னு ஒரு பெரிய பாத்திரமும் வந்துச்சு. ஆபீசர் ஒருத்தர் மாறுதலாகிப் போனப்ப அதுல பாயசம் வச்சாங்க. அதுக்கப்புறம் அது கேன்டீன்லயே தங்கிடுச்சு. அதைப் பத்தியும் எழுதினேன். வருஷத்துக்கு ரெண்டு துணிதான் கொடுக்கிறாங்க. தினமும் துவைக்காம முடியுமா? அப்ப வீட்டுக்குத்தானே கொண்டுவரணும்?

இவளுக்குக் கண்ணு வேற அவ்வளவு கூர்மை. ஊற வைக்கிறதுக்கு முன்னாடி துணியை மடியில போட்டு, மடிப்பெல்லாம் பிரிச்சுப் பார்ப்பா. நான் விட்டதையெல்லாம் நகத்தால எடுத்து மாத்திரை டப்பாவுல போட்டு வைப்பா. "இந்தாங்க, உங்க கண்ணுக்குத் தப்பினது"ன்னு சாயங்காலம் நீட்டுவா. ஒருதரம் ஏழு இருந்துச்சு மேடம், ஏழும் உசுரோட. அதையும் அன்னைக்குக் கணக்குல சேர்த்துக்கிட்டேன். காட்டுக்கே போகாம ஏழு உண்ணி பிடிச்ச ஆள் இந்த டிபார்ட்மென்ட்லயே இவ ஒருத்திதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பேன்.

இப்ப யமுனாதான் துவைக்கிறா. கை ஆடுற ஆளை எப்படித் துவைக்கச் சொல்றது? நல்லாத்தான் துவைக்கிறா. அம்மா அளவுக்கே வெள்ளை வருது, அதான் எனக்கு ஆச்சரியம். சின்னப் பொண்ணு இவ்வளவு சீக்கிரம் பழகிக்கிட்டாளேன்னு.

ஏன் மேடம் என்னையே பார்க்கிறீங்க? என்ன காகிதம் அது? கொடுங்க, கண்ணாடி போட்டுக்கிறேன்.

இது எங்க மாநிலம் இல்லையே. கர்நாடகாவுல ரெண்டு புள்ளி. கேரளாவுல ஒண்ணு. மகாராஷ்டிராவுல ஒண்ணு. எல்லாத்துக்கும் நேரா "வனத் தொடர்பு இல்லை"ன்னு இருக்கு. எல்லாம் டவுனுக்குள்ள. எல்லாம் பொம்பளைங்க. அட, அப்ப எல்லா ஊர்லயும் குப்பி மாறுதா? நான் சொன்னேன்ல? அஞ்சாவது எங்க வீடு. சரி, இதுல என்ன இருக்கு?

என்ன சொல்றீங்க? இந்த நாலு வீடும் எங்க ஆளுங்க வீடா? துணி இழுக்கிறவங்க வீடா?

இருங்க. இருங்க மேடம். அப்படிச் சட்டுன்னு சொல்லக்கூடாது. மத்தவன் எப்படி வேலை பார்க்கிறான்னு எனக்குத் தெரியாது. சட்டையோட உள்ள போறவனா இருப்பான், எண்ணெய் தடவாதவனா இருப்பான். நான் அப்படி இல்ல. வேணும்னா எண்ணிப் பார்த்துடுவோம், எனக்கென்ன பயம்? பொன்னுரங்கத்துக்கு எண்ணின மாதிரி எண்ணுவோம். காய்ச்சல் செவ்வாய்க்கிழமை. மூணு நாள் பின்னாடி போனா சனி. எட்டு நாள் பின்னாடி போனா அதுக்கு முந்தின திங்கள். திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் நான் எங்க இருந்தேன்? நோட்டுல இருக்கும். இந்தாங்க. திங்கள் ஆபீஸ் மீட்டிங். செவ்வாய் மீட்டிங். புதன் லீவு. வியாழன் கரடிச்சோலை. குரங்கு ரெண்டு செத்துக் கிடந்த இடம். துணி ஒன்று, இழுத்த தூரம் நூறு மீட்டர், உண்ணி அறுபத்து மூணு.

அறுபத்து மூணு. ஆமா, அன்னைக்கு ரொம்ப அதிகம். துணியே கறுப்பா இருந்துச்சு. மழை வர்ற மாதிரி இருந்ததால சட்டுபுட்டுன்னு எடுத்துட்டு, சுருட்டிப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அன்னைக்கு சாயங்காலம் தெய்வானை டப்பாவை நீட்டினா. அதுல எத்தனைன்னு இங்க ஓரத்துல எழுதியிருப்பேன். கூடுதல்னு போட்டு எழுதுறது வழக்கம். இதோ.

கூடுதல் பதினொண்ணு.

இல்ல மேடம். இருங்க. அவ நகத்தால எடுத்தது பதினொண்ணு. டப்பாவுல இருந்தது பதினொண்ணு. அவ கண்ணுக்கும் தப்பினது...

என்ன சத்தம் உள்ள? யமுனா! என்னம்மா அங்க சண்டை?

கேட்டுச்சா மேடம்? உங்களுக்கும் கேட்டுச்சா? தண்ணிச் சத்தத்துல எனக்குச் சரியா... "கீழ வை அதை, நான் துவைச்சுக்கிறேன்"ங்கிறா அவ அம்மா. "எனக்கு ஒருதரம் வந்துட்டுப் போயிடுச்சு. உனக்கு எதுக்கு?"ங்கிறா.

யமுனா! துணியைக் கீழ போடு! போடுன்னா போடு, அப்படியே போட்டுட்டு இங்க வா! கையைக் காட்டு. முழங்கைக்கு மேல. கழுத்தைத் திருப்பு. தலைமுடியைத் தூக்கு. நீதானே துவைச்ச இத்தனை நாளா? சொல்லு, எத்தனை தடவை துவைச்ச?

ஒருதரம்கூட இல்லையா?

"அம்மா விட்டாத்தானேப்பா. நான் ஊற வைக்கப் போனாலே பிடுங்கிக்கும். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிடுச்சு."

இந்தக் கையை வச்சுக்கிட்டா மேடம்? ஒரு டம்ளர் டீயைத் தூக்க முடியாத கையை வச்சுக்கிட்டா அவ்வளவு வெள்ளை வரவச்சா?

தெய்வானை, இங்க வா. உட்காரு. பரவாயில்ல, மேடம் முன்னாடியே சொல்லு. உனக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து தெரியும்? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

"அன்னைக்கே சொன்னேனே. காதுக்கிட்ட வந்து கேட்டீங்க, சொன்னேன். நீங்கதான் இல்லைன்னு எழுதிக்கிட்டீங்க."

துவைக்கிறதுதான் என் காடுன்னியே, நீ சொன்னது அதுவா? நான் என்னமோ... ரெண்டாவது தடவை வராதுன்னு உனக்கு யார் எழுதிக் கொடுத்தா? யார் எழுதிக் கொடுத்தா தெய்வானை?

சரி. அழாதே. யமுனா, அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போ. அந்த வாளி அப்படியே இருக்கட்டும், யாரும் கிட்ட போக வேண்டாம். வெந்நீர் காய்ச்சுறேன், நான் வர்றேன்.

மேடம், அந்த மேப்பைக் கொஞ்சம் விரிங்க. டீ டம்ளரைத் தள்ளி வச்சுக்குங்க. புள்ளி இருக்கட்டும். எடுக்க வேண்டாம். என்னோட ஆறு கடுதாசியையும் கிழிச்சுப் போட்டுடுங்க. என் பையில சிவப்புப் பென்சில் இருக்கு, நீங்களே எடுங்க. கரடிச்சோலை இதோ இங்க இருக்கு. இங்கேர்ந்து செக்போஸ்ட், அப்புறம் பஸ் ஸ்டாண்ட், அப்புறம் இந்தத் தெரு, இந்த வீடு. கோடு போடுங்க. ஆபீசர் சொன்னாரே, இந்தப் புள்ளி கோட்டுல சேரலைன்னு. சேருது, பாருங்க. எங்கயும் வளையாம வந்து சேருது.

அப்புறம் அந்த நோட்டு. நாப்பத்தொண்ணுக்கு நேரா எல்லாக் கட்டமும் காலியா விட்டிருப்பேன். படிவத்துல ஒன்பதாவது கேள்விக்கு நான் போட்ட "இல்லை"யை அடிச்சுட்டு, அவ சொன்னதை அவ சொன்ன மாதிரியே எழுதிக்குங்க. நோட்டுல கடைசியில "கொண்டுவந்தது"ன்னு ஒரு கட்டம் இருக்கும். மத்ததுக்கெல்லாம் லாரி நம்பர் எழுதியிருக்கேன். இதுல என் பேரை எழுதிக்குங்க.

எழுதுங்க மேடம். சன்னாசின்னு எழுதுங்க.